மேடு ஏறாத எஞ்சின்

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். அப்பா சுகமாக இருப்பதாகச் சொல்லிக்கொள்கிறார். உங்கள் காது எப்படி இருக்கிறது? போன வாரம் போனில் நாம் இருவரும் கத்தியதில், சண்டை என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அதனால் இனிமேல் கடிதம்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் இதய வால்வு சுருங்கிவிட்டது. ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்கிறார்கள். எண்பத்தாறு வயதில் அது எப்படிப் போகும் என்று கேட்டால் மட்டும் டாக்டர் மேஜையில் இருக்கும் காகிதங்களை அடுக்க ஆரம்பிக்கிறார். அப்பாவுக்கு அந்தக் கவலை இல்லை. பரணில் இருந்த மரப்பெட்டியை இறக்கச் சொன்னார். ஆமாம், அதுதான். அந்தப் பச்சை பொம்மை எஞ்சின், அதன் ஐந்து வண்டிகள், அவர் சிக்னல் அறையில் வேலை பார்த்த காலத்தில் பலகைமேல் போட்ட தண்டவாளம், நடுவில் மேட்டுப் பாலம். கூடத்து மேஜை முழுக்க ரயில் வந்துவிட்டது. நாங்கள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிடுகிறோம்.

"எம்மேல கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி அது அஞ்சு வண்டியையும் இழுத்துக்கிட்டு மேடு ஏறணும். ஒரு தடவை ஏறினா போதும்" என்கிறார்.

தனியாக விட்டால் பேய் பிடித்த மாதிரி ஓடுகிறது. நடுநடுவே விக்கி நிற்கிறது. ஒரு வண்டியை மாட்டினாலும் மேட்டின் பாதியில் நின்று முனகுகிறது. முப்பத்தெட்டு வருஷத்துக் கோளாறு. அப்பா சொல்வதும் அன்றிலிருந்து மாறவில்லை: "திருப்புளி கழட்டினான்ல, அப்போ போச்சு." எதைக் கண்டாலும் கழற்றிப் பார்ப்பதால் சின்னண்ணனுக்கு வந்த அந்தப் பட்டப்பெயர் மட்டும்தான் இந்த வீட்டில் அவருடையதாக மிச்சம் இருக்கிறது.

நீங்கள் முப்பத்தைந்து வருஷம் அறிவியல் நடத்தியவர். எனக்குப் பல்செட் பட்டறையில் கை பழகியிருக்கிறது. நீங்கள் எழுதுங்கள், நான் செய்கிறேன். கடிதத்தை அப்பாவுக்கு உரக்க வாசிப்பேன். கண் சரியாகத் தெரியாவிட்டாலும் காதால் மேற்பார்வை பார்ப்பாராம்.

உங்கள் முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
தங்கை


பிப்ரவரி 12

அன்புள்ள தங்கைக்கு,

முழங்கால் படிக்கட்டைக் கண்டால் மட்டும் அழுகிறது. மற்றபடி குறையில்லை. அப்பாவுக்கு என் வணக்கம். மாத்திரைகளை வேளைக்குச் சாப்பிட வை. "அப்புறம்" என்று சொன்னால் நம்பாதே.

எஞ்சினைப் பற்றி ஓர் உதாரணம் சொல்கிறேன். வகுப்பில் ஒரு மாணவன் பதில் சொல்லாமல் நிற்கிறான் என்றால் காரணம் மூன்றில் ஒன்று. கேள்வி அவன் காதில் விழவில்லை. விழுந்தும் புரியவில்லை. அல்லது புரிந்தும் சொல்லப் பயப்படுகிறான். முதல் வகைதான் அதிகம், அதனால் அங்கிருந்து தொடங்க வேண்டும். உன் எஞ்சின் விக்கி நிற்பது முதல் வகை. தண்டவாளத்திலிருந்து மின்சாரம் அதற்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை.

ஒரு பழைய பருத்தித் துணியில் ஸ்பிரிட் தொட்டுத் தண்டவாளத்தின் மேல்முகத்தைத் துடை. துணியில் கறுப்பு வருவது நிற்கும்வரை துடைக்க வேண்டும். உப்புத்தாள் போடாதே, கீறலில் அழுக்கு குடியேறிவிடும். பிறகு எஞ்சினைக் கவிழ்த்துச் சக்கரங்களைத் துடை. சக்கரத்தின் உட்புறத்தை உரசிக்கொண்டு மெல்லிய பித்தளைக் கம்பிகள் இருக்கும். அவைதான் மின்சாரத்தை எடுத்து மோட்டாருக்குக் கொடுப்பவை. அவை சக்கரத்தைத் தொடுகின்றனவா என்று பார். தொடாவிட்டால் மயிரிழை அளவு வளைத்துவிடு.

ஒன்று கேட்க வேண்டும். ஐந்து நிமிஷம் ஓடிய பிறகு மோட்டார் சூடாகிறதா? தொட்டுப் பார்த்து எழுது.

அப்பாவிடம் சொல், அவசரம் வேண்டாம் என்று.
அண்ணன்


பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே வேலையை முடித்துவிட்டேன். எனக்குச் சளி பிடித்திருந்தது, இப்போது தேவலை. அப்பாவுக்கு நான்கு எட்டு நடந்தால் மூச்சு வாங்குகிறது.

ஏழு துணி கறுத்தது. இடது பக்கக் கம்பி ஒன்று சக்கரத்தைத் தொடவேயில்லை. பல் பிடிக்கும் இடுக்கியால் வளைத்தேன். விக்கல் நின்றுவிட்டது. எஞ்சின் இப்போது தங்கு தடையில்லாமல் சுற்றி வருகிறது. "வாத்தியார் முதல் பரீட்சையில பாஸ்" என்று அப்பா அறிவித்தார்.

ஆனால் மேடு ஏறவில்லை. ஒரு வண்டியோடுகூட ஏறவில்லை. நீங்கள் கேட்டீர்களே, ஆமாம், மோட்டார் சூடாகிறது. மூன்றே நிமிஷத்தில் விரல் வைக்க முடியவில்லை. கருகிய எண்ணெய் வாடை வருகிறது. தனியாக ஓடும்போது வேகம் மட்டும் தேவைக்கு மேல் இருக்கிறது. இது என்ன அண்ணா, பலம் இல்லாதவனுக்கு இவ்வளவு வேகம்?

ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். ஏப்ரல் 29.

சின்னண்ணனுக்குப் போன் செய்து சொன்னேன். லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையில் இருக்கிறார் அல்லவா, ஏதோ கட்டடத்தின் உச்சியிலிருந்து பேசினார், ஒரே காற்று. "பார்த்துக்க" என்று மட்டும் சொன்னார்.

உங்கள் பதிலுக்கு அப்பா தபால்காரர் வரும் நேரத்தை மனப்பாடம் செய்துவிட்டார்.
தங்கை


மார்ச் 8

அன்புள்ள தங்கைக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. இங்கே தண்ணீர்க் குழாய் உடைந்து, சுவரை இடித்து, மூன்று நாள் ரகளை. உன் சளிக்கு ஆவி பிடி. அப்பாவை நடக்க விடாதே.

இரண்டாவது இடத்துக்குப் போவோம். மோட்டாரின் ஒரு முனையில் செம்பு உருளை ஒன்று சுழலும். அதை இரண்டு பக்கமும் கரித்துண்டுகள் அழுத்திக்கொண்டிருக்கும். கார்பன் பிரஷ் என்று கேட்டால் கடையில் தருவார்கள். பழையவை தேய்ந்திருந்தால் மாற்று. செம்பில் மூன்று பிளவுகள் இருக்கும், அவற்றில் கரித்தூள் அடைத்திருக்கும். பல்குச்சியால் சுரண்டி எடு. இதெல்லாம் உன் தொழில்தானே, பல் இடுக்கில் சுத்தம் செய்வது மாதிரி.

பிறகு கியர். பழைய கிரீஸ் இறுகி மெழுகாகியிருக்கும். எல்லாவற்றையும் ஸ்பிரிட்டில் கழுவி, புதிதாக ஒரே ஒரு சொட்டு எண்ணெய். நம் ஊர்க்காரர்களுக்கு எண்ணெய் என்றால் தாராளம். ஒரு சொட்டு என்றால் ஒரு சொட்டுதான்.

மோட்டாருக்குப் பின்னால் இரும்புக் கட்டி போல ஒன்று இருக்கும். அதைப் பிடித்திருக்கும் பெரிய திருகை மட்டும் தொடாதே. பழைய திருகு, தலை உடைந்துவிடும். அங்கே பார்க்க ஒன்றுமில்லை.

அப்பாவிடம் நான் விசாரித்ததாகச் சொல்.
அண்ணன்


மார்ச் 15

அன்புள்ள அண்ணனுக்கு,

குழாய் சரியாகிவிட்டதா? சுவர் பூச்சுக் காய்வதற்குள் ஆணி அடிக்காதீர்கள். அப்பா நேற்று இரண்டு முறை மயங்கினார். இரண்டாவது முறை கண் விழித்ததும், "ஏறிச்சா?" என்றார்.

ஏறவில்லை. பிரஷ் மாற்றினேன், பிளவுகளைச் சுரண்டினேன், கியரைக் கழுவினேன், ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன். சத்தம் பாதியாகக் குறைந்துவிட்டது. ஒரு வண்டியோடு தட்டுத் தடுமாறி மேடு ஏறுகிறது. இரண்டாவதை மாட்டினால் பழைய கதைதான். சூடு குறையவேயில்லை. சூட்டைப் பற்றி முதலில் கேட்டது நீங்கள்தான். நான் ஆமாம் என்று எழுதினேன். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. மறந்திருப்பீர்கள்.

சின்னண்ணனிடம் மறுபடி பேசினேன். ஆபரேஷனுக்கு முன் ஒருமுறை வந்து பார்க்கச் சொன்னேன். "அந்த எஞ்சினை நான்தான் கெடுத்தேன்னு சொல்ற வீட்டுக்கு நான் எதுக்கு?" என்றார். அவர் சொன்ன தோரணையில் கோபம்கூட இல்லை. லிஃப்ட் பாகத்தின் நம்பரைச் சொல்வது போலச் சொன்னார்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. எல்லாம் நினைவிருக்கிறது. ஐந்து மாதம், ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பா ஒரே கேள்வி கேட்பார்: "கழட்டினியா?" சின்னண்ணன், "இல்லை" என்பார். அதோடு அந்த வாரத்துப் பேச்சு முடிந்தது. கடைசி ஞாயிறு அப்பா கை நீட்டிவிட்டார். "தப்புப் பண்ணினா மன்னிப்பேன். பொய் சொன்னா மன்னிக்க மாட்டேன்." சின்னண்ணன் கன்னத்தைக்கூடத் தடவவில்லை. மறுநாள் காலையில் அவர் படுக்கை சுருட்டி வைத்திருந்தது. நீங்கள் அந்த ஞாயிறு ஜன்னலோரம் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தீர்கள்.

அப்பாவுக்கு இந்த இடத்தை வாசிக்க மாட்டேன். அடுத்து என்ன செய்வது என்று எழுதுங்கள்.
தங்கை


ஏப்ரல் 1

அன்புள்ள தங்கைக்கு,

இங்கே வெயில் கடுமை. எனக்கு உடம்பு அவ்வளவு சரியில்லை. பெரிதாக ஒன்றுமில்லை, தூக்கம் பிடிப்பதில்லை.

யோசித்துப் பார்த்தேன். எஞ்சினுக்கு வயதாகிவிட்டது. அதை இனி ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் மேட்டைக் குறைக்கலாம். பாலத்துக்கு அடியில் அப்பா முட்டுக் கொடுத்திருக்கும் மரக்கட்டைகளில் இரண்டு வரிசையை எடுத்துவிடு. ஏற்றம் பாதியாகிவிடும். அப்பாவுக்குக் கண் மங்கல்தானே. வண்டி ஏறினால் அவருக்கு நிம்மதி.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அண்ணன்


ஏப்ரல் 7

அன்புள்ள அண்ணனுக்கு,

தூக்கத்துக்கு மாத்திரை எதுவும் போடாதீர்கள். மாலையில் கொஞ்சம் நடந்து பாருங்கள்.

நீங்கள் சொன்னபடி கட்டைகளை எடுத்தேன். அப்பா எழுந்து வந்தார். பாலத்தின் மேல் கையை வைத்தார். பிறகு விரலை அடியில் விட்டுக் கட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணினார். முப்பது வருஷம் சிக்னல் கம்பியை இழுத்த விரல் அல்லவா. "ரெண்டு வரிசை எங்கே?" என்றார். "யார் சொன்ன யோசனை இது?" என்றார். நான் எடுத்த கட்டைகளைக் கொண்டுவந்தேன். கட்டைகளைத் திரும்ப வைத்தோம், அவர் எண்ண, நான் அடுக்க.

பட்டறைக்கு எதிரில் மோட்டார் காயில் கட்டுகிறவர் ஒருவர் இருக்கிறார். மிக்சி, பம்ப் செட் எல்லாம் அவரிடம்தான் வரும். எஞ்சினை எடுத்துப்போய்க் காட்டினேன். சுழற்றிப் பார்த்தார், தொட்டுப் பார்த்தார், நீங்கள் இரும்புக் கட்டி என்று எழுதினீர்களே, அதன்மேல் ஒரு குண்டூசியை வைத்துப் பார்த்தார். ஊசி சரிந்து விழுந்தது. "காந்தம் செத்துப்போச்சும்மா. காந்தத்துல பலம் இல்லைன்னா மோட்டார் வெறி பிடிச்சு ஓடும், சூடாகும், பாரத்தைக் கண்டா படுத்துக்கும். யாரோ இதை வெளியே எடுத்து வெறுமனே போட்டு வச்சிருக்காங்க" என்றார்.

அது இரும்புக் கட்டி இல்லை, காந்தம் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

பூதக்கண்ணாடியை வைத்து அந்தப் பெரிய திருகைப் பார்த்தேன். கழற்றவில்லை. அதன் தலைக்கு அடியில் பித்தளை வளையம் இருக்க வேண்டிய இடத்தில் மடித்த காகிதம் இருக்கிறது. இடுக்கியால் ஓரத்தைச் சற்று விரித்தேன். கோடு போட்ட தாள். அதில் ஒரு சிவப்பு மை சரிக்குறி, பாதி.

அப்பா பக்கத்தில் இருந்தார். காகிதம் இருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். "என்ன மை?" என்று கேட்டார். மங்கிப்போய்விட்டது என்றேன். அதற்குப் பிறகு அவர் அன்று முழுக்க எஞ்சினைப் பற்றிப் பேசவில்லை.

அண்ணா, மூன்றாவது வகை மாணவனை நீங்கள் வகுப்பில் என்ன செய்வீர்கள்?
தங்கை


ஏப்ரல் 19

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் எழுதிப் பன்னிரண்டு நாளாகியும் உங்களிடமிருந்து கடிதம் இல்லை. சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

நேற்றுச் சின்னண்ணன் அவராகவே போன் செய்தார். 27-ஆம் தேதி வருகிறாராம். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அவர் தொடர்ந்து சொன்னார்: "வந்து, நான்தான் கழட்டினேன்னு ஒத்துக்கிட்டுப் போறேன். மனுஷன் நிம்மதியாக் கத்திக்குப் போகட்டும். எனக்கு இனிமே அதுல போறதுக்கு என்ன இருக்கு?"

பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்கள். பழி இத்தனை நாள் அவர்மேல் தானாக உட்கார்ந்திருந்தது. இப்போது அவரே அதைக் கையில் வாங்கிக்கொள்ள வருகிறார். நான் காகிதத்தைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவள் நான் இல்லை.

கடிதம் உங்களிடமிருந்து இங்கே வர நான்கு நாள் ஆகும்.
தங்கை


ஏப்ரல் 23
(உறையின் பின்புறம்: திருப்புளி வந்த பிறகு, அப்பாவுக்கு முன்னால் பிரிக்கவும். உரக்க வாசிக்கவும்.)

அன்புள்ள தங்கைக்கு,

உன் சுகத்தையும் அப்பாவின் சுகத்தையும் கடைசியில் விசாரிக்கிறேன். முதலில் இதை வாசித்துவிடு. எந்த வரியையும் தாண்டாதே.

அப்பா, எஞ்சினைக் கழற்றியது நான்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். மேலதிகாரி என் வகுப்பைப் பார்க்க வருவதாக இருந்தது. மோட்டார் எப்படிச் சுழல்கிறது என்று பாடம். புத்தகத்தில் படம்தான் இருந்தது. உதாரணம் இல்லாமல் பாடம் நடத்தக் கூடாது என்று எனக்கு அப்போதே ஒரு வீம்பு. நீங்கள் வேலைக்குப் போன பிறகு எஞ்சினைத் துண்டில் சுற்றி எடுத்துப்போனேன். காந்தத்தைக் கழற்றி நாற்பத்திரண்டு பிள்ளைகளின் கையிலும் கொடுத்தேன். ஆணி ஒட்டிப் பார்த்தார்கள், பேனா முனை ஒட்டிப் பார்த்தார்கள். மேலதிகாரி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மறுநாள் மதியம்வரை காந்தம் என் மேஜை இழுப்பறையில் வெறுமனே கிடந்தது. திரும்ப மாட்டும்போது பித்தளை வளையத்தைக் காணவில்லை. திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளின் ஓரத்தைக் கிழித்து மடித்து வைத்தேன்.

காந்தத்தை வெளியே எடுத்தால் அதன் இரு முனைக்கும் குறுக்கே ஓர் இரும்புத் துண்டு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பலம் வடிந்துவிடும். அன்று அது என் புத்தியில் உறைக்கவில்லை. மூன்று மாதம் கழித்துக் காந்தங்களைப் பாதுகாப்பது எப்படி என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். பாதி வாக்கியத்தில் கை நின்றது. அன்று எனக்குத் தெரிந்துவிட்டது.

திருப்புளி வீட்டை விட்டுப் போனது ஐந்தாவது மாதம். நடுவில் இரண்டு மாதம் இருந்தது. எட்டு ஞாயிறு. எட்டு முறை அவனிடம் நீங்கள் கேட்டதையும் அவன் சொன்னதையும் நான் அதே அறையில் உட்கார்ந்து கேட்டேன். அடுத்த ஞாயிறு சொல்லலாம் என்று இருந்தேன். அவன் போன பிறகு, திரும்பி வந்ததும் சொல்லலாம் என்று இருந்தேன். பிறகு இது பழைய கதையாகிவிட்டது என்று எனக்கு நானே பாடம் நடத்தினேன். இப்போதுகூட, கேட்டால் உங்கள் இதயத்துக்கு ஆகாது என்று பயப்படுவதாக நினைத்துக்கொண்டேன். அது பயம் இல்லை, சாக்கு. மேட்டைக் குறைக்கச் சொன்னதும் நான்தான்.

திருப்புளி, நீ அன்று உண்மையைச் சொன்னாய். நான் மனப்பூர்வமாக

இந்த இடத்தில் ஓர் உதாரணம் எழுதப் பார்த்தேன். மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். இதற்கு உதாரணம் இல்லை. நீ செய்யாததைச் செய்ததாகச் சொல்லாதே. அவ்வளவுதான் கேட்கிறேன்.

அப்பாவின் மூச்சு எப்படி இருக்கிறது? உன் கைக்கு ஓய்வு கொடு.
அண்ணன்


ஏப்ரல் 28

அண்ணனுக்கு,

அப்பாவின் மூச்சு அப்படியேதான் இருக்கிறது. நாளைக் காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி வண்டி வரும்.

உங்கள் கடிதம் நேற்றுக் காலை வந்தது. உறையில் எழுதியிருந்தபடி பிரிக்காமல் அப்பாவின் மாத்திரை டப்பாவுக்கு அடியில் வைத்தேன். மதியம் சின்னண்ணன் வந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு, கருவிப் பையைத் தோளிலிருந்து இறக்காமலே கூடத்தில் நின்றார். நான் உறையை எடுப்பதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"அப்பா, நான்தான் அன்னிக்குக் கழட்டினேன்."

"அப்படியா" என்றார் அப்பா. "உட்காரு. அதுல ஒரு பித்தளை வளையம் இருந்துச்சே, என்ன ஆச்சு?"

"தொலைஞ்சு போச்சு."

"சரி, அதுக்குப் பதிலா என்ன போட்டே?"

சின்னண்ணன் கொஞ்சம் யோசித்தார். "வேற வளையம் போட்டேன்."

அப்பா சிரித்துவிட்டார். சிரித்ததில் இருமல் வந்து, நான் முதுகைத் தடவ வேண்டியிருந்தது. "நீயா இருந்தா அதைத்தான் போட்டிருப்பே. அங்கே வளையம் இல்லைடா, பேப்பர் இருக்கு. திருப்புளி புடிக்கத் தெரிஞ்சவன் பேப்பரை மடிச்சு வைப்பானா?" பிறகு என் பக்கம் திரும்பி, "வாத்தியார் லெட்டர் வந்திருக்குல்ல? வாசி" என்றார்.

வாசித்தேன். எந்த வரியையும் தாண்டவில்லை. மனப்பூர்வமாக என்று நீங்கள் பாதியில் நிறுத்திய இடத்தில் நானும் நிறுத்திவிட்டுத்தான் தொடர்ந்தேன்.

முடித்ததும் அப்பா கையை நீட்டிச் சின்னண்ணனின் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தார். "நீ தொடலைன்னு முப்பத்தெட்டு வருஷம் முன்னாடி சொன்னே. எனக்கு இன்னிக்குத்தான் காதுல விழுந்துச்சு" என்றார். சின்னண்ணன் கையை உருவிக்கொள்ளவில்லை. ஆனால் குனிந்த தலையை நிமிர்த்தவும் இல்லை.

பிறகு அப்பா உங்களுக்கு ஒரு செய்தி சொன்னார். அப்படியே எழுதுகிறேன்: "தப்பான சிக்னலைப் போட்டவன் ஒருத்தன். அதைப் பார்த்துட்டுச் சும்மா இருந்தவன் ஒருத்தன். நான் இவனை நம்பலை, அவன் வாயைத் திறக்கலை. ரெண்டுல எது பெரிசுன்னு வாத்தியாரையே மார்க் போடச் சொல்லு."

சின்னண்ணன் உங்களைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அதுவும் அடுப்படியில் என்னிடம், தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக்கொண்டே: "ரெண்டு மாசமா அவனுக்குத் தெரிஞ்சே இருந்துச்சா?" நான் ஆமாம் என்றேன். டம்ளரை மறுபடியும் கழுவினார்.

இப்போது மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து பையைத் திறந்திருக்கிறார். அப்பா அவருக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போடச் சொல்கிறார். நான் போக வேண்டும்.
தங்கை


மே 5

அண்ணனுக்கு,

தங்கச்சி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். அதனால் நான் எழுதுகிறேன். அப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்தது. மூன்று நாள் இப்படியா அப்படியா என்று இருந்தது. நேற்று எழுந்து உட்கார்ந்தார். இன்று காலை நர்ஸம்மாவிடம் மணி சரியாக இல்லை என்று சண்டை போட்டார். பிழைத்துக்கொள்வார்.

லிஃப்ட் எந்த மாடியில் நிற்க வேண்டும் என்று காட்டும் சின்னக் காந்தங்கள் என் பையில் இருக்கும், அவற்றில் இரண்டை எஞ்சினில் பழைய காந்தத்தின் பக்கவாட்டில் வைத்தேன். பழையதை வெளியே எடுத்தபோது குறுக்கே ஓர் இரும்புத் தகட்டை வைத்தேன். எனக்கு அதை யாரும் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லை.

29-ஆம் தேதி காலை ஆஸ்பத்திரி வண்டி வருவதற்கு முன் ஓட்டினோம். ஐந்து வண்டியும் ஏறிவிட்டது. மேடு முழு உயரம், கட்டை எதுவும் எடுக்கவில்லை. அப்பா மேஜையில் காதை வைத்து, ஒவ்வொரு வண்டியும் பாலத்துத் தகட்டைத் தாண்டும் சத்தத்தை எண்ணினார். ஐந்து என்று சொன்ன பிறகுதான் சட்டையை மாட்டிக்கொண்டார். மோட்டார் சூடாகவில்லை.

உன்மேல் எனக்குக் கோபம் போகவில்லை. போகும் என்று சொல்லவும் எனக்குத் தெரியவில்லை. மார்க் போட்டாயா என்று அப்பா தினம் கேட்கிறார். அதைக் கடிதத்தில் எழுதாதே.

உன் காகிதத்தை நான் தூக்கிப் போடவில்லை. அதே மாதிரி மடித்து, அதே திருகுக்கு அடியில் வைத்து முடுக்கியிருக்கிறேன். அங்கே ஒரு பித்தளை வளையம் வேண்டும். துளை மூன்று மில்லிமீட்டர். எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். வாங்கி நீயே கொண்டுவந்து மாட்டு. இங்கே படிக்கட்டு பதினொன்று. உன் முழங்காலுக்கு நான் கை கொடுக்கிறேன்.

மே 20 வரை லீவு போட்டிருக்கிறேன்.

திருப்புளி